பந்தலோடு சேர்த்துப் பாடவேண்டிய பாட்டு

(மதுரையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



இசையும் வரலாறும் சேர்ந்த ஏதாவது ஒரு பொருளில் பேசுங்கள் என்று அறக்கட்டளையார் கேட்டார்கள். மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் பாட்டு எழுதி, மெட்டமைத்து, இன்று கச்சேரி மேடையில் பெயர் கேட்கப்படாத சிலரைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தேன். காரணம் சொந்த அனுபவம்.

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பங்குனிப் பொங்கலுக்கு வள்ளி திருமணம் நாடகம் வைப்பார்கள். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி, கிழக்கு வெளுக்கும்போது முடியும். எனக்கு ஒன்பது வயது இருக்கலாம். சாக்கை விரித்துப் படுத்தபடி கேட்ட ஒரு பாட்டு, நடுச்சாமத்தில் என்னை எழுப்பி உட்கார வைத்தது. பல ஆண்டுகள் கழித்து ஒரு சபா கச்சேரியில் அதே பாட்டைக் கேட்டேன். தனி ஆவர்த்தனம் முடிந்து, பாதிப் பேர் எழுந்து போன பிறகு, துக்கடாவாகப் பாடினார்கள். ராகம் சுத்தமாக இருந்தது, தாளத்தில் பிசகில்லை, பாடியவரோ பெரிய வித்வான். இரண்டரை நிமிடத்தில் முடிந்தது. யாரும் அசையவில்லை, நானும்தான். பாட்டு வந்திருந்தது, ஆனால் அது எங்கிருந்து வந்ததோ அந்த இடம் கூட வரவில்லை.

அன்றிலிருந்து மனத்தில் ஊறிய ஒரு கருத்தைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். மதுரையின் பாட்டுப் புலவர்கள் பாட்டை மட்டும் தனியாகப் படைக்கவில்லை. ஒரு பந்தலை, ஓர் இரவை, ஒரு தெருவை, ஒரு கூட்டத்தை மனத்தில் வைத்து எழுதினார்கள். அந்த இடங்கள் கச்சேரி மேடைக்குள் அடங்கவில்லை, அதனால் அவர்களும் அடங்கவில்லை. அவர்களை மீட்க வேண்டுமென்றால் பாட்டோடு பந்தலையும் மீட்க வேண்டும். இதை ஐந்து பகுதிகளாகச் சொல்கிறேன்.

1. மறந்தது யார்?

‘மறக்கப்பட்டவர்’ என்ற சொல்லை நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். யார் மறந்தார்கள் என்று கேட்பதில்லை.

நடனகோபால நாயகி சுவாமிகள் 1843-இல் இந்த மதுரையில் பிறந்தவர். சௌராஷ்டிர மொழியிலும் தமிழிலும் கிருஷ்ணன் மேல் பாடியவர். தன்னை நாயகியாகவே வரித்துக்கொண்டு, பெண்ணுடையில் ஆடிப் பாடித் தெருவில் வந்தவர். 1914-இல் மறைந்தார். அழகர்கோயில் சாலையில் காதக்கிணற்றில் அவருடைய சமாதி இருக்கிறது. சௌராஷ்டிரக் குடும்பங்களில் அவர் மறக்கப்பட்டவர் அல்லர். மார்கழி விடியலில் பஜனையில் அவர் பாட்டு ஒலிக்கிறது, தறிக்காரர் வீட்டுப் பாட்டிக்கு மனப்பாடமாகத் தெரிகிறது. அந்தத் தெருவைத் தாண்டி இரண்டு தெரு வந்தால் அவர் பெயரைக் கேள்விப்படாதவர்களைப் பார்க்கலாம். இசைக் கல்லூரி மாணவர்களிடம் கேட்டால் பலர் விழிக்கிறார்கள். எனவே மறதி என்பது ஊர் முழுக்க ஒரே மாதிரி பரவிக் கிடப்பதில்லை. ஒரு வேலிக்கு உள்ளே நினைவு, வெளியே மறதி.

அதே சௌராஷ்டிர சமூகத்தின் இன்னொரு செய்தி, இதற்கு மறுபக்கம். தியாகராஜரின் சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் சௌராஷ்டிரர். அவரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் குருவின் கீர்த்தனைகளை எழுதி வைத்தார்கள், குருவின் வாழ்க்கையையும் எழுதினார்கள். வாலாஜாபேட்டைச் சுவடிகள் என்று இசை ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் அந்தக் கட்டுகள் மதுரை சௌராஷ்டிர சபைக்கு வந்து சேர்ந்தன. தியாகராஜரின் பாட்டு எப்படி இருந்தது என்று அறிய விரும்புகிறவர்கள் நம் ஊர் தேடி வந்தார்கள். திருவையாற்று மகானின் பெருமையில் ஒரு பங்கு, எழுதி வைத்த சீடனுக்கும் பூச்சி அரிக்காமல் காத்த நெசவாளர் சபைக்கும் உரியது. பாடியவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், பின்னால் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். அந்த நோட்டுக்கு ஓர் அலமாரி வேண்டும்.

அமெரிக்காவில் பிளாரன்ஸ் பிரைஸ் என்ற கறுப்பினப் பெண்மணியின் முதல் சிம்பொனியைச் சிகாகோ சிம்பொனி இசைக்குழு 1933-இல் வாசித்தது. 1953-இல் அவர் இறந்தபின் மெல்ல மறக்கப்பட்டார். 2009-இல் இல்லினாய் மாநிலத்தில் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டைப் புதுப்பிக்கப் போனவர்கள் கட்டுக்கட்டாக அவருடைய கையெழுத்துப் படிகளைக் கண்டெடுத்தார்கள். அதன்பிறகே உலகின் இசைக்குழுக்கள் அவரைத் தேடி வாசிக்கத் தொடங்கின. இடைப்பட்ட காலத்தில் அவருக்கு இல்லாமல் போனது ஓர் அலமாரிதான்.

2. தாத்தாவும் பேரனும்

இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் பெருங்கரை என்று ஓர் ஊர். அங்கே 1810-இல் பிறந்தவர் கோடீசுவர பாரதி. சிவகங்கை அரண்மனை அவருக்குக் ‘கவிகுஞ்சரம்’ என்று பட்டம் கொடுத்தது. கவிகளில் யானை. அதன்பிறகு கவிகுஞ்சர பாரதி என்ற பெயரே நிலைத்தது. நம் அழகர் மேல் அழகர் குறவஞ்சி பாடினார். சேதுபதி அரண்மனையின் ஆதரவோடு கந்தபுராணத்தை முழுக்கக் கீர்த்தனைகளாகச் செய்தார்.

அவருடைய மகள் வயிற்றுப் பேரன் கோடீசுவர ஐயர், 1870-இல் பிறந்தவர். பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடமும் பூச்சி சீனிவாச ஐயங்காரிடமும் பாடம் கேட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். 72 மேளகர்த்தா ராகங்களிலும் தமிழில் முருகன் மேல் கீர்த்தனை செய்து ‘கந்த கானாமுதம்’ என்று தொகுத்தார். 72-இல் 40 விவாதி மேளங்கள். பாடினால் தோஷம் வரும் என்று பெரிய பாடகர்களே ஒதுங்கி நின்ற ராகங்கள் அவை. அவற்றுக்கும் சேர்த்து, ராகத்தின் பெயரைச் சாகித்தியத்தின் உள்ளேயே வைத்துப் பாடியிருக்கிறார். ஒவ்வொரு பாட்டிலும் முத்திரை ‘கவிகுஞ்சரதாசன்’. தாத்தாவின் அடியவன் என்று 72 முறை கையெழுத்துப் போட்ட பேரன்!

இன்று எந்த இசை மாணவரைக் கேட்டாலும் பேரனைத் தெரியும். எஸ். ராஜம் ஆண்டுக்கணக்கில் இந்தப் பாட்டுகளைத் தானும் பாடி, மற்றவர்களுக்கும் பாடம் சொல்லிப் பரப்பினார். ஹம்சத்வனியில் கோடீசுவர ஐயர் செய்த பிள்ளையார் கீர்த்தனை கச்சேரிகளில் இன்றும் தொடக்கப் பாட்டாக வருகிறது. ஆனால் முத்திரையில் இருக்கும் அந்தத் தாத்தா யார் என்று கேட்டால் மௌனம்.

இந்த வேறுபாட்டை நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். திறமையில் தாத்தா குறைந்தவர் என்று சொல்ல முடியாது. பேரன் செய்தவை கச்சேரிக்குச் செய்த அளவில் இருந்தன. ஒரு ராகம், பல்லவி, அனுபல்லவி, சரணம், ஏழெட்டு நிமிடம். அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் வகுத்துக் கொடுத்த கச்சேரி முறையில் எந்த இடத்திலும் பொருந்தும். தாத்தா செய்தவையோ ஒரு கதையின் உறுப்புகள். குறவஞ்சியில் அழகர் உலா வர வேண்டும், பெண்கள் கூடிப் பார்க்க வேண்டும், ஒருத்தி மயங்க வேண்டும், குறத்தி வந்து கை பார்த்துக் குறி சொல்ல வேண்டும், சிங்கன் அவளைத் தேடி வர வேண்டும். ஆடுகிறவர்கள், நட்டுவனார், மேளம், சுற்றி நிற்கும் ஊர் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பாட்டு. சமஸ்தானங்கள் சரிந்தன. 1947-இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டம் நிறுத்தியது. அது நிற்க வேண்டிய கொடுமை, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பெண்களின் உடலிலும் குரலிலும் இருந்த கலைக்கு மாற்று ஏற்பாட்டை யாரும் செய்யவில்லை. குறவஞ்சி ஏட்டில் நின்றுவிட்டது.

தமிழிசை இயக்கம் வந்ததே என்று கேட்பீர்கள். வந்தது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களைச் சுரக் குறிப்போடு வரிசையாக அச்சிட்டது. அந்த நூல்கள் இல்லாவிட்டால் நமக்கு இன்று பாதிப் பாட்டு கிடைத்திராது. அந்தப் பெரியவர்களுக்கு என் வணக்கம். ஆயினும் அவர்கள் கேட்டது, கச்சேரி மேடையில் தமிழுக்கு இடம். மேடையின் அமைப்பை மாற்றச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. அதனால் மேடையில் பொருந்திய தமிழ்ப் பாட்டு உள்ளே போனது, பொருந்தாத தமிழ்ப் பாட்டு வெளியிலேயே நின்றது.

3. வாத்தியார் எழுதிய இரவு

வெளியில் நின்றவற்றில் மிகப் பெரியது நாடகப் பாட்டு. இங்கே சற்று நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். முதலில் எமனாகவும் சனீசுவரனாகவும் இரணியனாகவும் நடித்தார், பிறகு நடிப்பை விட்டு ஆசிரியரானார். நாடகக் கம்பெனிகளில் நாடகம் எழுதிப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவரை ‘வாத்தியார்’ என்பார்கள். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அபிமன்யு சுந்தரி என்று அவர் எழுதியவை ஒரு தலைமுறைக்குச் சோறு போட்டன. 1918-இல் இதே மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்று சிறுவர் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். ஆறு வயதில் அதில் சேர்ந்த டி.கே. சண்முகம் பிற்காலத்தில் ‘எனது நாடக வாழ்க்கை’யில் சுவாமிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அபிமன்யு சுந்தரியை அவர் ஒரே இரவில் எழுதி முடித்த செய்தியும் அவ்வழி வந்ததே. 1922 நவம்பர் 13-இல் புதுச்சேரியில் சுவாமிகள் மறைந்தார்.

அவர் மறக்கப்பட்டவரா? நம் ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறது. நாடக நடிகர்கள் ஆண்டுதோறும் குருபூசை செய்கிறார்கள். பங்குனி முதல் ஆடி வரை மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமைக் கிராமங்களில் அவர் எழுதிய வள்ளி திருமணம் எத்தனை இரவு நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நம் வட்டாரத்தில் வேறெந்தப் பாட்டாசிரியருக்கும் இத்தனை இரவுகள் வாய்த்திருக்காது. ஆனாலும் அவரை ஓர் இசை ஆசிரியராக, மெட்டும் தாளமும் அறிந்த வாக்கேயக்காரராக எந்த இசைப் பாடநூல் பேசுகிறது? நாடக வரலாற்றில் ஒரு பத்தி, அதோடு சரி.

அவருடைய நாடகத்தில் வெண்பா வரும், விருத்தம் வரும், வண்ணம் வரும், சிந்து வரும், கீர்த்தனை வரும், பார்சிக் கம்பெனிகள் கொண்டுவந்த இந்துஸ்தானி மெட்டும் வரும். தர்க்கப் பாட்டு வரும். இரண்டு நடிகர்கள் பாட்டாலேயே மோதிக்கொள்வார்கள். கேள்வியும் பாட்டு, பதிலும் பாட்டு. இதையெல்லாம் தாங்கிப் பிடிப்பது மேடை ஓரத்தில் அமர்ந்திருக்கும் நான்கு பேர். ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், ஆல்ரவுண்ட் வாசிப்பவர், தாளம் போடுபவர். ஆர்மோனியக்காரருக்கு வாசிப்பதோடு வேலை முடிவதில்லை. பின்பாட்டுப் பாட வேண்டும், நடிகர் வசனத்தை மறந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டும், பபூனுக்குப் பதில் பேச வேண்டும், சுருதி விலகும் குரலைத் தாங்கிக் கொண்டுவர வேண்டும். ஆல்ரவுண்ட்காரர் ஒரு கண் அசைவுக்கு இடி இடிக்க வைப்பார். அவர் கையில் வேல் பாய்வதும் கேட்கும், வளையல் உடைவதும் கேட்கும்.

இன்னொன்று. ஸ்பெஷல் நாடகம் என்று பெயர் பெற்ற இந்த முறையில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், பபூன், டான்ஸ் காமிக் எல்லாம் தனித்தனியாக அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள். ஒத்திகை கிடையாது. அன்றிரவு பந்தலில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், விடிய விடிய நடிப்பார்கள். அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் 1990-களின் தொடக்கத்தில் மதுரையில் தங்கி இதைப் பார்த்து, 2005-இல் ஒரு முழு நூலே எழுதினார். ஒத்திகை இல்லாமல் அது எப்படி நடக்கிறது? சுவாமிகளின் பாட்டு எல்லார் நெஞ்சிலும் ஒரே மாதிரி இருப்பதால் நடக்கிறது. அறிமுகமில்லாத பத்துப் பேரை ஓர் இரவில் ஒரு குழுவாகக் கட்டிப்போடும் இசையமைப்பு அது. உலகில் எந்த இசையாசிரியருக்கும் இதைவிடப் பெரிய பாராட்டு இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பாட்டின் தலையில் ராகம், தாளத்தோடு ‘வர்ணமெட்டு’ என்று போட்டு, இன்ன பாட்டின் மெட்டு என்று குறித்திருப்பார்கள். சுரம் எழுதியிருக்க மாட்டார்கள். அன்றைக்கு அந்த மூலப்பாட்டு ஊருக்கே தெரிந்திருந்ததால் சுரம் தேவைப்படவில்லை. இன்று பல இடங்களில் அந்த மூலப்பாட்டே காற்றோடு போய்விட்டது. சாவி இருக்கிறது, பூட்டு இருந்த வீட்டைக் காணோம்.

4. வானொலியும் ஆர்மோனியமும்

நாடகப் பாட்டின் உயிர் ஆர்மோனியம். அதைச் சுற்றி நடந்த ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும். மதுரையிலிருந்து சற்றுத் தொலைவு போய்த் திரும்புவோம்.

ஜான் போல்ட்ஸ் என்று ஓர் ஆங்கிலேய இசையமைப்பாளர், 1880-இல் மான்செஸ்டரில் பிறந்தவர். முதல் உலகப்போரில் இறந்தவர்களுக்காக ‘எ வேர்ல்டு ரெக்வியம்’ என்ற பேரிசைப் படைப்பை எழுதினார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாடவும் வாசிக்கவும் வேண்டிய படைப்பு. 1923 நவம்பர் 11, போர் நின்ற நாளின் நினைவில், இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அது அரங்கேறியது. 1926 வரை ஆண்டுதோறும் நடந்தது. பிறகு நின்றது. மக்கள் மறந்தார்கள். மனம் வெதும்பிய போல்ட்ஸ் 1935-இல் இந்தியாவுக்கு வந்தார். தில்லி வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். இந்திய வாத்தியக் கலைஞர்களைக் கொண்டு இசைக்குழு ஒன்றை அமைத்துப் புதிய முயற்சிகள் செய்தார். 1939-இல் கல்கத்தாவில் காலராவில் இறந்துபோனார்.

அவர் 1938-இல் வானொலியின் இதழில் ஆர்மோனியத்துக்கு எதிராக ஒரு கட்டுரை எழுதினார். கட்டைகளுக்கு நடுவே இருக்கும் நுண்சுருதிகளை அது விழுங்கிவிடுகிறது, கமகம் வராது, இந்திய இசைக்கு அது கேடு என்பது வாதம். தாகூருக்கும் நேருவுக்கும்கூட அந்தப் பெட்டி பிடிக்காது. 1940 மார்ச் முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. 1971-இல்தான் தடை கொஞ்சம் தளர்ந்தது. திருச்சி நிலையம் தொடங்கியது 1939-இல். நம் மதுரைச் சமவெளிக்கு வீட்டுக்கு வீடு வானொலி வந்து சேர்ந்த முப்பது ஆண்டுகளும் ஆர்மோனியத்துக்கு வாசல் அடைத்திருந்த முப்பது ஆண்டுகள்.

கமகம் பற்றிய அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. தோடியின் காந்தாரத்தை ஆர்மோனியத்தில் எடுக்க முடியாது என்பதை எந்த ஆர்மோனியக்காரரும் ஒத்துக்கொள்வார். ஆனால் நாடகப் பாட்டுக்கு அந்தக் கருவி வந்த காரணமே வேறு. ஒலிபெருக்கி இல்லாத காலம். ஐயாயிரம் பேர் உட்கார்ந்த பந்தலில் கடைசி வரிசைக்கும் கேட்கும் சுருதி வேண்டும். கால் ஆர்மோனியத்தை மிதித்து ஊதினால் அது கேட்கும். ஆணும் பெண்ணும் ஒரே மேடையில் ஒரே சுருதியில் பாட வேண்டும், அதனால் ஆண்களும் நாலரைக் கட்டை, ஐந்து கட்டையில் பாடினார்கள். நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் இருபத்தேழு வயதில் இறந்தார். அவருடைய இசைத்தட்டைக் கேட்டால் குரல் வானத்தில் நிற்கிறது. கூடவே ஆர்மோனியம் நின்றது, அண்ணன் காசி ஐயரின் கைகள் நின்றன. இந்தப் பாட்டை ஒரு கட்டைக்கு இறக்கி, வயலினும் மிருதங்கமும் வைத்து, அடக்கமாகப் பாடினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது வேறு பாட்டு. வானொலியில் பாட வேண்டுமென்றால் ஆர்மோனியத்தை வாசலில் வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். வாசலில் நின்றது கருவி மட்டுமா? வாத்தியாரும் அதனோடு நின்றார்.

போல்ட்ஸின் கதைக்கு ஒரு பின்பகுதி இருக்கிறது. 2007 நவம்பர் 11 அன்று, எண்பது ஆண்டு மௌனத்துக்குப் பிறகு, அவருடைய ரெக்வியம் மறுபடி ஒலித்தது. அதே ராயல் ஆல்பர்ட் மண்டபம், அதே நினைவுநாள். பிபிசி சிம்பொனி இசைக்குழுவை நடத்தியவர் லியோன் பாட்ஸ்டைன். மறக்கப்பட்ட இசையமைப்பாளர்களை அவர்கள் வாழ்ந்த காலத்தோடு சேர்த்து மேடையேற்றுவதை வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் அவர். நியூயார்க் மாநிலத்தில் பார்ட் கல்லூரியில் அவர் பங்கேற்க 1990-இல் தொடங்கிய விழாவில் ஆண்டுக்கு ஓர் இசையமைப்பாளரை எடுத்துக்கொள்வார்கள். அவர் பாட்டை மட்டும் வாசிப்பதில்லை. அவருடைய ஆசிரியர்கள், எதிரிகள், அவர் ஊரின் அரசியல், அவர் படித்த கவிதை எல்லாவற்றையும் அறிஞர்கள் பேச, கலைஞர்கள் வாசிக்க, அந்த உலகத்தையே எழுப்பிக் காட்டுகிறார்கள்.

போல்ட்ஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. தன் நாட்டில் புறக்கணிக்கப்பட்டவர், நம் நாட்டு இசையைப் பெரிதும் நேசித்தவர், நம் மண்ணில் இறந்தவர். அவர் கேட்டறிந்த இந்திய இசை தில்லி, கல்கத்தா வித்வான்களின் இசை. மேலூர்ப் பந்தலில் ஓர் இரவு அவரை உட்கார வைக்க யாரும் இல்லாமல் போனதே என்றுதான் எனக்கு ஆற்றாமை. அவருக்கு அவருடைய மண்டபத்தையும் நாளையும் திருப்பிக் கொடுத்தார்களே, அதே மரியாதையை நம் வாத்தியார்களுக்கும் கேட்கிறேன்.

5. கொக்கும் இராட்டையும்

காலம் தெரியாவிட்டால் பாட்டு எப்படி ஊமையாகும் என்பதற்கு மதுரகவி பாஸ்கரதாஸ் சான்று. 1892-இல் பிறந்து 1952-இல் மறைந்த அவர் நாடகத்துக்கும் இசைத்தட்டுக்கும் பாட்டு எழுதிக் குவித்தார். தமிழ் பேசிய முதல் படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31-இல் வெளிவந்தபோது அதில் டி.பி. ராஜலட்சுமி பாடியவை அவர் பாட்டுகள், காந்தியின் இராட்டையைப் பற்றிய பாட்டு உட்பட. காளிதாசன் கதையில் காந்தியின் இராட்டைக்கு என்ன வேலை என்று இன்றைக்குப் பார்ப்பவர் கேட்கலாம். உப்புச் சத்தியாக்கிரகம் நடந்து அதிக காலம் ஆகவில்லை. கொட்டகையில் அமர்ந்தவர்களில் எத்தனையோ பேர் கதர் கட்டியவர்கள். கதைக்கு வெளியே இருந்த அந்தப் பாட்டுக்காகவே வந்தவர்களும் உண்டு.

திருமங்கலத்தில் வாழ்ந்த நாடக நடிகர் விசுவநாததாஸ், பாஸ்கரதாஸின் பாட்டுகளை மேடையில் பாடிச் சிறை சென்றவர். மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு நடிக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். வள்ளி திருமணத்தில் தினைப்புனத்துப் பறவைகளை ஓட்டும் கட்டத்தில் வெள்ளைக் கொக்கைப் பற்றி ஒரு பாட்டு. எந்த வெள்ளையை ஓட்டுகிறார்கள் என்று பந்தலில் இருந்த குழந்தைக்கும் தெரியும், ஓரத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த காவலருக்கும் தெரியும். 1876-ஆம் ஆண்டின் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த நாட்டில் தினைப்புனம்தான் அரசியல் மேடை. தினைப்புனத்தை எடுத்துவிட்டு அந்தப் பாட்டைச் சபாவில் பாடினால் அது ஒரு பறவைப் பாட்டு. 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில், முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே விசுவநாததாஸ் உயிர் பிரிந்தது.

பாஸ்கரதாஸின் நாட்குறிப்புகளை அவர் பேரன், நாடகக்காரர் முருகபூபதி நூலாக்கித் தந்திருக்கிறார். ஒரு வாத்தியாரின் அன்றாடத்தை உள்ளிருந்து காட்டும் அரிய ஆவணம். ஒவ்வோர் இசைக் கல்லூரி நூலகத்திலும் அது இருக்க வேண்டும்.

செய்யக் கூடியவை என்று எனக்குத் தோன்றுவதையும் சொல்லிவிடுகிறேன். சித்திரையில் அழகர் மலை திரும்பிய மறுவாரம், அழகர் குறவஞ்சியை ஆட்டமும் மேளமும் குறத்தியும் சிங்கனுமாக முழுக்க நடத்தலாம். தொடங்குமுன் பெருங்கரைப் புலவரைப் பற்றியும் ஆடிய பெண்களைப் பற்றியும் அரைமணி நேரம் பேசலாம். அதே மேடையில் பேரனின் கீர்த்தனைகளையும் பாடலாம். வள்ளி திருமணத்தைச் சுருக்காமல், கால் ஆர்மோனியத்தோடு, பழைய கட்டையிலேயே ஓர் இரவு முழுக்க இசைக்கல்லூரி வளாகத்தில் வைக்கலாம். மாணவர்கள் விடியும்வரை உட்காரட்டும். பாஸ்கரதாஸுக்கு ஒரு மாலையில் இசைத்தட்டு ஓட வேண்டும், நாட்குறிப்பு வாசிக்கப்பட வேண்டும், நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வாசகம் உரக்கப் படிக்கப்பட வேண்டும், பிறகு பாட்டு வர வேண்டும். பெண்களையும் சாதிகளையும் தாழ்த்திப் பேசும் வரிகள் பழைய நாடகங்களில் இருக்கின்றன. அவற்றை மறைக்காமல் பேசியே கடக்க வேண்டும். ஆர்மோனியக்காரருக்கும் ஆல்ரவுண்ட்காரருக்கும் பக்கவாத்தியச் சம்பளம் கொடுக்காமல் முதன்மைக் கலைஞருக்குரிய சம்பளம் கொடுக்க வேண்டும். நான் சேர்த்து வைத்திருக்கும் நாடக நோட்டீசுகளில் நடிகர் படம் இருக்கிறது, சவுண்ட் சர்வீஸ் பெயர் இருக்கிறது, வாத்தியார் பெயர் இல்லை. அதைச் சேர்க்கக் காசு செலவில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால், வர்ணமெட்டு தெரிந்தவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் போய் உட்கார வேண்டும். சென்ற மாதம் ஒரு முதிய ஆர்மோனியக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய புத்தகத்தில் ஒரு பாட்டின் தலைப்பைக் காட்டி, இந்த மெட்டை வாசித்துக் காட்ட முடியுமா ஐயா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். துருத்தியைத் திறந்தார். வாசிக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, “இத எந்த ராஜபார்ட்டு பாடப்போறாரு? அதுக்கேத்த மாதிரிதான எடுக்கணும்?” என்று கேட்டார்.

நான் மூன்று பெயர்களைச் சொன்னேன். மூன்று விதமாக வாசித்துக் காட்டினார். மூன்றையும் பதிவு செய்து வைத்திருக்கிறேன்.